மண் எங்கே பெயர்கிறது?

அயர்ன் மட்டையால் பந்தை அடிக்கும்போது புல்லையும் மண்ணையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டுமா, கூடாதா? எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்றில் நான், மற்றொன்றில் என் மனைவியின் தம்பி. காவிரி டெல்டாவில் எங்கள் இருவரையும் தவிர வேறு யாருக்கும் இதைப் பற்றிக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் வழக்கு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. பஞ்சாயத்து பேச ஆள் கிடைக்கவில்லை.

கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் கிடக்கும் பந்தை இரும்புத் தலை வைத்த மட்டையால் அடிக்கும்போது, பந்து கிளம்பிய கையோடு மட்டை புல்தரையைச் சீவிக்கொண்டு போகும். ஒரு சாணுக்கும் குறைவான துண்டு, வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து சில அடி தள்ளி விழும். அந்தத் துண்டையும் அது விட்டுப்போன பள்ளத்தையும் டிவட் என்கிறார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கும்போது புல்துண்டு எழும்பிப் பறப்பதைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே, டிவட் எடுக்காதவன் ஆட்டக்காரனே இல்லை என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பந்தைப் பூப்போல எடுக்க வேண்டும், மண்ணைக் கிளறுவது முரட்டுத்தனம் என்பது எதிர்க்கூட்டம்.

நான் மட்டையைத் தொட்டது பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில். அங்கே எனக்குப் பை தூக்கிக்கொண்டு வந்தவர், வட ஆற்காட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பெரியவர். பயிற்சியாளர்கள் மணிக்கணக்கில் பேசுவதை அவர் செருப்பின் நுனியால் சொல்லிவிடுவார். பந்து போகவேண்டிய திசையில், பந்தைத் தாண்டி இரண்டு விரற்கடை தள்ளிப் புல்லின் மேல் நுனியை வைத்து, “சார், இங்கே வெட்டுங்கள்” என்பார். பந்தைப் பற்றி ஒரு சொல் வராது. பந்து எங்கே போயிற்று என்று நான் நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் அவர் குனிந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் மைத்துனன் கற்றுக்கொண்டது வளைகுடாவில். புல் வளர்க்கத் தண்ணீர் இல்லாத இடங்களில் அங்கே மணல் மைதானங்கள் உண்டு. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு சிறிய செயற்கைப் புல்பாயைக் கையோடு எடுத்துக்கொண்டு நடப்பார். ஃபேர்வேயில், அதாவது குழியை நோக்கிப் போகும் நடுப்பாதையில், பந்து கிடந்தால் அதைப் பாயின் மேல் எடுத்து வைத்து அடிப்பார். குழியைச் சுற்றி வழவழப்பான பச்சைப் புல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல் இருக்கும். அதற்கு கிரீன் என்று பெயரில்லை, பிரவுன் என்று பெயர். அப்படிப்பட்ட இடத்தில் பாயைக் கிழிக்காமல் அடிக்கப் பழகியவனிடம் போய், மண்ணை வெட்டு என்றால் அவன் எப்படிக் கேட்பான்?

அவனுடைய கட்சிக்கும் என்னுடைய கட்சிக்கும் காரணம் கைத்திறமையில் இல்லை, நாங்கள் நின்று பழகிய தரையில் இருக்கிறது என்பதுதான் என் முடிவு. டிவட் எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்பவர், எந்தத் தரையில் நின்றுகொண்டு கேட்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மைத்துனன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். “அத்தான், மண்ணைத் தோண்டிவிட்டு அதற்கு ஒரு சித்தாந்தம் வேறு” என்பான்.

இப்போது இருவரும் ஊரோடு வந்துவிட்டோம். நான் திருவையாற்றுப் பக்கம், அவன் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கோல்ஃப் மைதானம் வேண்டும் என்றால் சென்னையில் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கின்றன. எதுவுமே எங்களுக்குக் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பும் தூரம் இல்லை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிக மூத்த கோல்ஃப் கிளப் 1829-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதுவும் வண்டல் படிந்த டெல்டாதான். நம் டெல்டாவில் வெள்ளைக்காரன் கவனம் வேறு பக்கம் இருந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டி முடித்தார். அதற்குப் பிறகு கிடைத்த தண்ணீருக்கெல்லாம் நெல் நடுவதே வேலையாக இருந்திருக்கும். நஞ்சையில் ஒரு குழி நிலத்தைக்கூட விளையாட்டுக்கு விட நம் ஆட்களுக்கு மனம் வராது. எனக்கே வராது.

அதனால் நான் அடிப்பது தென்னந்தோப்பை ஒட்டிய திடலில். மேடான நிலம், தண்ணீர் ஏறாது, ஆடு மாடு மேயும். மைத்துனன் அடிப்பது சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்த பிறகு கோடையில் வெறுமனே கிடக்கும் வயலில்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. இந்த உருண்டையும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் தொழில்முறை ஆண்கள் தொடரான பி.ஜி.ஏ. டூரின் ஆட்டக்காரர் ஏழாம் நம்பர் அயர்னை வீசும் வேகம் மணிக்குச் சுமார் 145 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 40 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: மட்டை 2 சென்டிமீட்டர் நகர்வதற்குள் பந்து விடைபெற்றுவிடுகிறது. அதற்கு மேல் மட்டை மண்ணை வெட்டினால் என்ன, காற்றை வெட்டினால் என்ன? பந்துக்குத் தெரியப் போவதில்லை.

டிவட் கட்சிக்காரர்கள் கவனிக்காத இடம் இது. மண்ணைப் பெயர்த்தால்தான் பந்து உயரும், மண்ணைப் பெயர்த்தால்தான் பந்து பின்னோக்கிச் சுழன்று விழுந்த இடத்தில் நிற்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பந்தை உயர்த்துவது மட்டை முகத்தின் சாய்வும் வேகமும். அதைச் சுழற்றுவது அந்தச் சாய்வும் வேகமும், முகத்தில் உள்ள வரிப்பள்ளங்கள் பந்தை நேராகப் பற்றுவதும். நடுவில் புல்லோ ஈரமோ சேறோ மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் பிடி கெட்டியாக இருக்கும். பெயர்ந்த மண் இதில் எந்த வேலையும் செய்யவில்லை. அது வேலை முடிந்த பிறகு கிடைக்கும் ரசீது.

பிறகு ஏன் பெயர்கிறது? மட்டை ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும்போது, அந்த வட்டத்தின் அடிப்புள்ளி பந்தைத் தாண்டி இருக்க வேண்டும். மட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைச் சந்திக்க வேண்டும். அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்துவிட்டால், மட்டை முதலில் மண்ணை முட்டிவிட்டுச் சோர்ந்துபோய்ப் பந்திடம் வரும். இல்லையென்றால் ஏறும் வழியில் பந்தின் இடுப்பைத் தட்டும். முதலாவது நாலு தென்னை தூரம் போய் விழும். இரண்டாவது முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு போய் யார் வீட்டு ஓட்டையாவது உடைக்கும்.

மட்டை எவ்வளவு சாய்வாக இறங்குகிறது என்பதை இப்போது ரேடார் கருவிகள் அளந்துவிடுகின்றன. ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்ட சராசரிப்படி, பி.ஜி.ஏ. டூர் ஆண்கள் ஏழாம் நம்பர் அயர்னை 4.3 பாகை இறக்கத்தில் அடிக்கிறார்கள். பெண்கள் தொடரான எல்.பி.ஜி.ஏ. டூரில் ஆடுபவர்களுக்கு அதே மட்டையில் 2.3 பாகைதான். நான் ஒரு காகிதத்தில் ஒன்றரை மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன். 4.3 பாகை என்றால் அடிப்புள்ளி பந்தைத் தாண்டி 11 சென்டிமீட்டரில் வருகிறது. பந்தைத் தொட்ட இடத்தைவிட 4 மில்லிமீட்டர் ஆழம். 2.3 பாகைக்கு 6 சென்டிமீட்டர் தூரம், ஆழம் 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. மணிக்கட்டு வளைவதையும் தண்டு வளைவதையும் மட்டையின் அடிப்பாகம் மண்ணில் எப்படி உட்காருகிறது என்பதையும் விட்டுவிட்ட பள்ளிக்கூடக் கணக்கு இது. ஆனாலும் அளவு புரிகிறது. 4 மில்லிமீட்டர் என்றால் ஒரு துண்டு பெயரும். 1 மில்லிமீட்டர் என்றால் புல்லின் தலையைத் தடவிவிட்டுப் போவதுதான்.

இந்த இரண்டு எண்களை மைத்துனனிடம் காட்டியபோது அவன் முகத்தில் வந்த பிரகாசத்தை நான் மறக்க முடியாது. “பாருங்கள் அத்தான், உலகத்தின் மிகச் சிறந்த பெண்கள் மண்ணைத் தொடுவதே இல்லை” என்றான். அப்படி இல்லை. அவர்களும் இறங்குகிற மட்டையால்தான் அடிக்கிறார்கள், 2.3 பாகையும் இறக்கம்தான். அவர்களுடைய அடிப்புள்ளியும் பந்தைத் தாண்டித்தான் இருக்கிறது. பள்ளம் தெரியவில்லை என்பதால் அடிப்புள்ளியே இல்லை என்று ஆகிவிடாது. பெங்களூரின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்த 2021-இல், எங்கள் ஊர் டீக்கடையில்கூட நாலு நாள் கோல்ஃப் பேச்சு நடந்தது. அந்த நாலு நாளும் என் மைத்துனன் தன் கட்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

சரி, பள்ளத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மழை பெய்த மறுநாள் திடலுக்குப் போவேன். பந்தை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, பந்தின் நேர்க்கோட்டில் தென்னை ஈர்க்கு ஒன்றைக் குத்திவிடுவேன். அடித்த பிறகு பந்து இருந்த இடம் எது என்று கண்ணுக்குத் தெரியாது, ஈர்க்குதான் சாட்சி. நல்ல அடியாக இருந்தால் ஈர்க்கின் கோட்டில் புல் அப்படியே நிற்கும். அதைத் தாண்டி ஒரு விரற்கடை கழித்துத்தான் வெட்டு ஆரம்பிக்கும். ஆரம்பிக்கும் விளிம்பு நேராக இருக்கும், நடுவில் ஆழம், முடிகிற இடத்தில் புல் பிய்ந்து, நார் நாராகத் தொங்கும். பள்ளத்துக்குள் விரலை வைத்தால் கருப்பும் பழுப்புமான வண்டல் குளிர்ச்சியாக இருக்கும். அதில் அருகின் தண்டுகள் குறுக்காக அறுபட்டு, வெள்ளை வெள்ளையாக முனை காட்டிக்கொண்டிருக்கும். பள்ளத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் அதிலும் செய்தி உண்டு. மட்டைத் தலையின் நுனிப்பக்கம் ஆழமாக வெட்டியிருந்தால் மட்டை உங்கள் உயரத்துக்குப் படுத்தாற்போல் அமைந்திருக்கிறது. தண்டை ஒட்டிய குதிகால் பக்கம் ஆழமென்றால் அதற்கு எதிர்மாறு. பள்ளம் நோக்கும் திசையைப் பார்த்தால், மட்டை எந்தப் பக்கமாகப் போயிற்று என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டுப் போகிற பள்ளத்தை வேண்டாம் என்று சொல்கிறவர்களை என்ன செய்வது?

எங்கள் வயலில் அண்டை வெட்ட வரும் பெரியவர் ஒருநாள் திடல் வழியாகப் போகும்போது நின்று பார்த்தார். வரிசையாகக் கிடந்த புல்துண்டுகளைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இவ்வளவு செதுக்குகிறவர் வரப்புப் பக்கம் வந்து செதுக்கினால் எனக்கு ஒருநாள் வேலை மிச்சம்” என்றார். கேலிதான். ஆனால் அவர் வேலையைப் பார்த்தால் இந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடைத்துவிடும். நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கங்களில் மண்டியிருக்கும் அருகையும் கோரையையும் மண்வெட்டியால் சீவி எறிய வேண்டும். மண்வெட்டியைச் செங்குத்தாகப் போட்டால் வரப்பு மெலிந்துபோகும். நண்டு வளை போட்டு, தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும். மேலோட்டமாக இழுத்தால் புல்லின் தலைதான் போகும், வேர் நின்றுவிடும், பத்து நாளில் மறுபடி முளைக்கும். பெரியவர் மண்வெட்டியைப் படுக்கவைத்து வீசுகிறார். வேரோடு ஒட்டிய மண் மட்டும் ஒரே கனத்தில் உரிந்து வருகிறது. சேறாக இருந்தால் கொஞ்சம் நிமிர்த்துகிறார், காய்ந்திருந்தால் இன்னும் படுக்க வைக்கிறார். எவ்வளவு ஆழம் என்று அவரைக் கேட்டால் சிரிப்பார். மண்ணைக் கேட்க வேண்டிய கேள்வி அது.

அயர்ன் மட்டையும் அப்படித்தான். ஆழத்தை ஆட்டக்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை. மட்டையின் அடிப்பாகத்துக்கு ஒரு சரிவு கொடுத்திருப்பார்கள். முன்விளிம்பைவிடப் பின்பாகம் சற்றுத் தாழ்ந்திருக்கும். மண்ணுக்குள் ஒரேயடியாகப் புதையாமல் மேலே தள்ளிவிடுவது அதன் வேலை. அதற்கு பவுன்ஸ் என்று பெயர். இளகிய தரையில் பவுன்ஸ் அதிகமுள்ள மட்டை காப்பாற்றும். கட்டாந்தரையில் அதே பவுன்ஸ் எதிரியாகிவிடும்; பின்பாகம் தரையில் மோதித் துள்ளி, முன்விளிம்பு பந்தின் நடு வயிற்றில் இடிக்கும்.

இனி மைத்துனனின் வயலுக்கு வருவோம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண்ணைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் நிற்கும்போது கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். சித்திரையில் அதே நிலம் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்கு நடுவில் இருக்கும் பாளம் கல்லுக்குச் சமானம். அதில் 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டையை இறக்க முயன்றால் மண் பெயராது, மணிக்கட்டு பெயரும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் ஓரமாக, கொக்கி வடிவ நீட்சியுள்ள சிறு எலும்பு ஒன்று இருக்கிறது. மட்டைப் பிடியின் நுனி அதன் மேல்தான் உட்காரும். கெட்டித் தரையில் மட்டை மோதி அந்தக் கொக்கி முறிவது கோல்ஃப் ஆடுபவர்களுக்கு வரும் காயங்களில் மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று. வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கையில் வரும். அறுபது வயதை நெருங்குகிறவன் அந்த வயலில் டிவட் எடுக்காமல் அடிக்கிறான் என்றால் அது அறிவு. நான் அங்கே போனால் நானும் அப்படித்தான் அடிப்பேன். அவனுடைய நடைமுறையோடு எனக்குத் தகராறு இல்லை. அதை உலகப் பொதுவிதியாக ஆக்குகிறானே, அதோடுதான் தகராறு.

அதேபோல என் கட்சியிலும் அளவு தாண்டியவர்கள் உண்டு. கோவையில் ஒருமுறை பார்த்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கவளம் மண்ணைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பெருமை வேறு. பந்து பாதி தூரம்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் வெட்டியதெல்லாம் பந்துக்குப் பின்னால் தொடங்கியது. பெரிய பள்ளம் என்பதற்காக அதற்கு மதிப்பெண் கொடுக்க முடியுமா? பந்துக்குப் பின்னால் தொடங்கும் பள்ளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான அடிதான். பந்தைத் தாண்டித் தொடங்கும் பள்ளம் நகக்கண் அளவு இருந்தாலும் சரியான அடி. தரை எதுவானாலும் மாறாத ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் அடியில் மணல், மேலே கட்டையான இறுகிய புல், எந்நேரமும் காற்று; அங்கே பந்தைத் தாழ்வாக, மண்ணை ஒட்டிச் சீவி அடிப்பது பிழைப்புக்கு வழி. நீர் பாய்ச்சி மெத்தென்று வைத்திருக்கும் அமெரிக்க மைதானத்தில் அதே ஆட்டக்காரர் அதே வீச்சில் பெரிய துண்டைப் பெயர்ப்பார்.

நிலவிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இல் போன ஆலன் ஷெப்பர்ட், மண் மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் ஆறாம் நம்பர் அயர்ன் தலையை மாட்டி, விறைத்த விண்வெளி உடையோடு ஒற்றைக் கையால் வீசினார். முதல் வீச்சில் பந்தைவிட மண்தான் அதிகம் வந்தது என்று அவரே அங்கிருந்து சொன்னார்.

என்னைக் கேட்டால் டெல்டாவில் மிகச் சிறந்த பயிற்சிக்கூடம் கொள்ளிடம். திருவையாற்றுக்கு வடக்கே போனால், தண்ணீர் ஓடாத மாதங்களில் கண்ணுக்கு எட்டிய வரை மணல். அதில் மட்டையின் தண்டால் ஒரு கோடு கிழிப்பேன். பந்து வேண்டாம். கோட்டின் மேல் பந்து இருப்பதாக வைத்துக்கொண்டு வீச வேண்டும். மணல் பொய் சொல்லாது: கோட்டைத் தாண்டி மணல் தெறித்திருந்தால் சரி, கோடே அழிந்துபோயிருந்தால் பந்துக்குப் பின்னால் வெட்டியிருக்கிறோம். கோடு அப்படியே இருந்து, மணலும் கலையாமல் இருந்தால் காற்றை அடித்திருக்கிறோம். இந்தப் பயிற்சியை உலகம் முழுவதும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இரண்டு கரைக்கு நடுவில் இவ்வளவு மணல் யாருக்குக் கிடைக்கும்? அங்கே நான் மைத்துனனை ஒருமுறை கூட்டிப் போனேன். வாயே திறக்காமல் வீசினான். அவன் கோடுகள் எல்லாம் முழுதாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால், நாலு விரற்கடை தள்ளி, மணல் மெல்லியதாகச் சீவப்பட்டிருந்தது. மண்ணைத் தொடாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், சரியான இடத்தில்தான் தொட்டுக்கொண்டிருக்கிறான். களிமண்ணின் கெட்டியும் பாயின் வழுக்கலும் அதை அவனுக்கே காட்டாமல் இருந்திருக்கின்றன.

மணலில் பந்தே புதைந்து கிடந்தால் நியாயம் தலைகீழாகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பங்கரில், அதாவது மைதானத்தில் வெட்டி வைத்திருக்கும் மணல் குழியில், கிடக்கும் பந்துக்கு மட்டை பின்னால் இறங்க வேண்டும். பந்தைத் தொடாமல் மணலோடு சேர்த்து வாரி எறிய வேண்டும். அதற்காகவே அடிப்பாகம் பருத்த மட்டையை ஜீன் சாரசென் உருவாக்கி, 1932-இல் பிரின்ஸஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். இது தனிக் கதை. அயர்ன் அடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

செயற்கைப் பாயைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறங்கினாலும் மட்டை பாயின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து பந்தைத் தட்டிவிடும். சத்தம் நன்றாக இருக்கும், பந்தும் போகும். அதே அடியை மழை நனைத்த திடலில் அடித்தால் மட்டை அங்கேயே நின்றுவிடும். வேறு வழியில்லாதவர்கள் பாயில் அடிக்கட்டும். பாயில் வந்த அடியை நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெயர்த்த மண்ணை என்ன செய்வது என்ற கேள்வி டிவட் கட்சிக்காரனுக்கு வந்தே தீரும். குளிர்ந்த ஊர்களில் பெயர்ந்த துண்டை எடுத்துப் பள்ளத்தில் வைத்து மிதித்துவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். நம் வெயிலில் அது அப்படியே காய்ந்து சருகாகும். வெப்பமான ஊர்களில் மைதானங்களில் அதிகம் வளர்ப்பது பெர்முடா புல். அது வேறு ஒன்றுமில்லை. பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு. பூமிக்கு மேலும் கீழும் தண்டு விட்டு ஓடுகிற சாதி. கல்யாண வீடுகளில் ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்று பெரியவர்கள் வாழ்த்துவது இதை வைத்துத்தான். பள்ளத்தில் மணலைக் கொட்டி மட்டமாக்கிவிட்டால் போதும். பக்கத்திலிருந்து தண்டு ஓடிவந்து மூடிவிடும். உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டியும் தீராத புல், கோல்ஃப் மட்டைக்கா அஞ்சும்?

ஆனால் பெயர்க்கும் முறை ஒன்று இருக்கிறது. பயிற்சியின்போது கண்ட இடத்திலெல்லாம் பந்தைப் போட்டு அடித்தால் பார்த்த இடமெல்லாம் பள்ளமாகிவிடும். முதல் பள்ளத்தின் பின்விளிம்பை ஒட்டி அடுத்த பந்தை வைத்து, ஒரே கோடாகப் பின்னால் நகர்ந்துகொண்டே வந்தால் மெல்லிய வாய்க்கால் மாதிரி ஒரு கீற்று மட்டும் போகும். இருபுறமும் புல் அப்படியே நிற்கும், சீக்கிரம் மூடிவிடும். திடலில் இப்படித்தான் செய்கிறேன். மைதானத்தில் ஆடும்போது அந்த வசதி இல்லை. மணல் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டிய இடத்தை நிரப்பிவிட்டு நகர வேண்டும். இதைச் செய்யாமல் போகிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஏனென்றால் அடுத்தவர் பந்து அதில் போய் விழும். விழுந்தால் விதி இரக்கம் காட்டாது. பந்து கிடந்தபடியே அடிக்க வேண்டும். 1998-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் நடந்த யு.எஸ். ஓபனில் பெய்ன் ஸ்டூவர்ட், மற்றவர்களைவிட நாலு அடி குறைவாக அடித்த முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கினார். பன்னிரண்டாவது குழியில் அவர் அடித்த நல்ல அடி ஃபேர்வேயின் நடுவில், யாரோ எடுத்த, மணல் நிரப்பிய டிவட்டில் போய் உட்கார்ந்தது. எந்த மட்டை எடுப்பது என்று நெடுநேரம் யோசித்தார். தாமதத்துக்காக எச்சரிக்கையும் வாங்கினார். அந்தக் குழியில் ஓர் அடி இழந்தார். கடைசியில் லீ ஜான்சனிடம் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு அதே பட்டத்தை வென்று, சில மாதங்களில் விமான விபத்தில் இறந்துபோனார். 2019-இல் கோல்ஃப் விதிகளை அடியோடு திருத்தி எழுதினார்கள். இந்த விதியில் மட்டும் கை வைக்கவில்லை.

அது சரிதான் என்பது என் எண்ணம். பாதி மூடிய பள்ளம் எது, வெறும் மேடுபள்ளம் எது என்று ஃபேர்வேயில் நின்று வழக்காடத் தொடங்கினால் ஆட்டம் நடக்காது. மைத்துனன் வழக்கம்போல எதிர்க்கட்சி. “பள்ளம் வெட்டியவன் ஒருத்தன், தண்டனை இன்னொருத்தனுக்கா அத்தான்?” என்கிறான். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளமே வெட்டாதவன் கேட்பதால் கொஞ்சம் கூடுதல் நியாயமும் இருக்கிறது.

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் அவன் வயலில் வேலை தொடங்கிவிடும். பந்து அடிக்க இடம் இருக்காது. ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு இங்கே வருகிறேன் என்று போனில் சொன்னான். மட்டைப் பையையும் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். எடுத்துக்கொண்டு வா என்றேன். கொஞ்ச நேரம் வேறு என்னென்னவோ பேசிவிட்டு, போனை வைக்கும் முன்னால், திடல் பக்கம் சமீபத்தில் மழை பெய்ததா, மண் இளகியிருக்கிறதா என்று விசாரித்தான்.